கட் சொல்ல ஒரு வாய்தான்

மண்டபம் அகதி முகாமில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் பலர் உண்டு. சினிமாக்காரர்களின் ஆங்கிலம் தெரிந்தவள் தக்ஷாயினி ஒருத்திதான். அது தனி ஆங்கிலம். அதில் இலக்கணம் கிடையாது, முழு வாக்கியம் கிடையாது, மரியாதை மருந்துக்கும் கிடையாது. ஒரு சொல் வந்து விழுந்தால் நாற்பது பேர் ஓட வேண்டும். இன்னொரு சொல் விழுந்தால் ஓடிய நாற்பது பேரும் அங்கங்கே நிற்க வேண்டும். ஏன் என்று கேட்டால் அடுத்த நாள் வேலை இருக்காது.

அந்த ஆங்கிலத்தை அவள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. முகாமிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா விநாயகமூர்த்தி மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்தவர். இங்கே வந்தபின் சுவருக்குப் பெயின்ட் அடிக்கவும் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதவும் போனார். மகளை இராமநாதபுரத்தில் பி.காம். படிக்க வைத்தார். அகதி அட்டையை வைத்துக்கொண்டு அரசாங்க வேலைக்குப் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். படிப்பு முடிவதற்குள் ஏதாவது மாறிவிடும் என்று ஒரு நப்பாசை. ஒன்றும் மாறவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கேதான் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. ஃபிரேம், ஆங்கிள், எக்ஸ்போஷர், க்ளோஸ்-அப். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடியோ ஒரு திட்டோ கூடவே வந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மணமக்களைக் கூர்மையாக எடுத்தபோது பின்னால் நின்ற தாய்மாமன் கலங்கலாக விழுந்துவிட்டார். ஆல்பத்தைப் பார்த்த மனிதர் நேரே ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, எம் மூஞ்சிய அழிச்சு வச்சிருக்க?"

"அழிக்கலண்ணே. நீங்க பின்னாடி நின்னீங்களா, அவுட் ஆஃப் ஃபோகஸ் ஆயிருச்சு."

"அது என்ன கருமமோ. அப்ப நான் அங்கன நின்னது பொய்யா?"

அரிவாளைத் தேடாத குறைதான். அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தக் கேள்வி மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் அவள் செய்த ஆல்பம் ஒன்றிலும் அவள் பெயர் இருந்ததில்லை. கடைசிப் பக்கத்தில் ஸ்டுடியோவின் பெயர், போன் நம்பர், அவ்வளவுதான். முப்பத்தொரு வயதில் அவள் பெயர் அச்சாகியிருந்த இடம் முகாம் அட்டை ஒன்றுதான். அதைச் சொல்லிக்கொள்ள யாருக்குப் பெருமை வரும்?

சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனி வந்தபோதுதான் அவள் பக்கம் காற்று திரும்பியது. அகதிகள் கடல் கடந்து வருகிற கதை. மேலே எங்கெங்கோ பேசி அனுமதி வாங்கியிருந்தார்கள். படகிலிருந்து இறங்கி வருகிற கூட்டத்துக்கு முகாம் ஆட்களே வேண்டும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். கோ-டைரக்டர் வினோத்குமாருக்கு அங்கேதான் சிக்கல். அவர் சொல்வது முகாம்காரர்களுக்குப் பிடிபடவில்லை, அவர்கள் சொல்வது அவருக்குப் பிடிபடவில்லை. நடுவில் நிற்க ஒரு ஆள் தேடியபோது ஸ்டுடியோக்காரர் இவளைக் கைகாட்டினார்.

ஆள் சேர்க்கத் தொடங்கிய இரண்டே நாளில் வினோத்குமார் அவளிடம் சொன்னார்: "தக்ஷா, நீ நல்லா பண்ற. இந்த ஷெட்யூல் நல்லபடியா முடியட்டும். டைட்டில்ல அசிஸ்டென்ட் டைரக்டர்ஸ்ல உன் பேரும் வரும். நான் சார்கிட்ட பேசிட்டேன். அடுத்த படத்துக்கும் நீ வா."

அவள் இதை அப்பாவிடம் மட்டும் சொன்னாள். விநாயகமூர்த்தி பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆரார்ர பேரெல்லாமோ இந்தக் கையால எழுதினனான். உன்ர பேரைத் திரையில பாக்கிறதெண்டா பாப்பம்" என்றார். குரல் கம்மியிருந்தது. அந்தக் கம்மல் அவளை ஆட்டி வைத்தது. இதைக் கெடுத்துவிடக் கூடாது, செத்தாலும் கெடுத்துவிடக் கூடாது என்று அன்றைக்கே மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

முதல் நாளே படப்பிடிப்பில் ஒரு சம்பவம். காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு லைட்மேன் காலில் வயர் சுற்றிக்கொண்டது. விழப்போன பதற்றத்தில் "கட், கட்" என்று கத்திவிட்டான். கேமரா நின்றது, நடித்தவர்கள் நின்றார்கள். டைரக்டர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார். மத்தியானம் அந்த லைட்மேன் மதுரை பஸ்ஸில் இருந்தான்.

"பாத்துக்கோ" என்றார் வினோத்குமார். "கட் சொல்ல ஒரு வாய்தான். கேமராமேன் சொல்லக்கூடாது, ஹீரோயின் சொல்லக்கூடாது, நான் சொல்லக்கூடாது. வானமே இடிஞ்சு விழுந்தாலும் சார்தான் சொல்லணும். உன் ஆளுங்களுக்குப் புரிய வை."

அவள் புரிய வைத்தாள். நன்றாகவே புரிய வைத்தாள், அதுதான் வினை.

சவுக்குத் தோப்பு நிழலில் நாற்பது பேரையும் உட்கார வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தாள். ரோலிங் என்றால் கேமரா ஓடத் தொடங்கிவிட்டது, மூச்சுவிடும் சத்தம்கூட வரக்கூடாது. ஆக்‌ஷன் என்றால் நடக்கத் தொடங்குவது. ஹோல்ட் என்றால் செய்வதை நிறுத்தாமல் செய்துகொண்டே இருப்பது. ஃபர்ஸ்ட் பொசிஷன் என்றால் எங்கே தொடங்கினோமோ அங்கே திரும்பப் போவது. கன்டினியூட்டி என்றால் முந்தின தடவை எப்படி இருந்தோமோ அச்சொட்டாக அப்படியே இருப்பது. தலையில் பூ இருந்தால் பூ, தோளில் பை இருந்தால் பை. பேக்கப் என்றால் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கடைசிச் சொல் எல்லாருக்கும் உடனே பாடமாகிவிட்டது.

"டே ஃபார் நைட் எண்டு ஒண்டு சொன்னாங்களே, அது என்ன பிள்ளை?" என்று கேட்டவர் குணபூஷணி மாமி. பக்கத்து வீடு. விடியற்காலையில் முகாம் முழுக்க இடியப்பம் கொண்டுபோய்க் கொடுப்பவர்.

"வெளிச்சத்தில எடுத்திட்டுப் பிறகு இருட்டாக்கிறது மாமி."

"நாங்க வந்தது கும்மிருட்டு. இவங்களுக்கு இருட்டும் செய்யத் தெரியுது" என்று மாமி சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். மாமி வந்த இரவில் படகோட்டி கழுத்தளவு தண்ணீரில் இவர்களை இறக்கி, கரை அங்கேதான் என்று இருட்டைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டான். நீச்சல் தெரியாது. எப்படிக் கரை சேர்ந்தோம் என்று மாமிக்கே தெரியாது. அன்றிலிருந்து கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. இந்தப் படத்துக்கு மாமி வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. "எங்கட கதையை எடுக்கிறாங்கள். நாங்கள் நிக்காட்டி வேற ஆர் நிக்கிறது?" என்று அவராகவே முதல் ஆளாக வந்து நின்றார்.

கடல் காட்சி கடைசி நாளைக்கு. கரையோரம் ஹீரோயின் மண்ணில் தவழ்ந்து ஏறித் திரும்பிப் பார்க்க வேண்டும், அது க்ளோஸ்-அப். அவளுக்குப் பின்னால் பெரிய படகிலிருந்து குதித்த கூட்டம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரவேண்டும், அது பேக்ரவுண்ட். ஒரே ஷாட்டில் இரண்டும்.

பாதுகாப்புக்கு என்று பெரியபட்டினத்து ஹமீது சுல்தானை அவருடைய வள்ளத்தோடு அமர்த்தியிருந்தார்கள். அவர் வந்ததும் கடலைப் பார்த்தார், முகம் சுளித்தார்.

"தம்பி, இது தென்கடல். சும்மாவா ஆண்கடல்ங்கிறோம்? கச்சான் காத்து ஆரம்பிச்சிருச்சு. பொழுது சாய நீவாடு, அதான் நீரோட்டம், மாறும், கீழ மண்ணு அரிச்சுப் பள்ளம் விழும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வடகடல் கெடக்கு. அங்கன எடுங்க, பச்சப்புள்ளகூட நிக்கும்."

"வடகடல்ல அலையே இல்லையே பாய்" என்றார் வினோத்குமார். "ஃபிரேம் செத்துப்போயிடும்."

"ஃபிரேம் செத்தாப் பரவால்ல" என்று ஹமீது சுல்தான் முனகினார். அது வினோத்குமார் காதில் விழவில்லை. தக்ஷாயினியின் காதில் விழுந்தது. அவள் அப்போது கையில் சின்ன மெகாபோனோடு கூட்டத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

முதல் டேக். கூட்டம் இறங்கியது, நடந்தது. வரிசை ஒரு பக்கமாக ஒதுங்குவதைப் பார்த்து அவள் மெகாபோனில் "ஜீவிதன், வலப்பக்கம் வா" என்று குரல் கொடுத்தாள். ஜீவிதன் ஹார்பர் வேலைக்குப் போகிற வாட்டசாட்டமான ஆள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவன் பார்த்ததும் பாதிக் கூட்டம் பார்த்தது. கட். டைரக்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். வினோத்குமார் ஓடிவந்தார்.

"செத்துப் பிழைச்சு வர்றவன் எவனாச்சும் கரையில நிக்கிற பொண்ணைத் திரும்பிப் பாப்பானா? என்ன சொல்லிக் குடுத்த?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டைட்டிலில் தன் பெயர் அழிவது கண்முன்னால் தெரிந்தது. தண்ணீருக்குள் முழங்கால்வரை ஓடிப்போய்க் கூட்டத்தைக் கூட்டினாள்.

"இஞ்ச கேளுங்கோ. இனி என்ர குரல் கேட்டாலும் திரும்பாதேங்கோ. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாதேங்கோ. ஆர் விழுந்தாலும் கத்தினாலும் அது நடிப்பெண்டு விட்டிட்டு நடவுங்கோ. கட் எண்டு மைக்கில கேட்டாத்தான் நிக்கிறது. விளங்குதோ?"

"விளங்குது பிள்ளை" என்றார்கள் நாற்பது பேரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல.

இரண்டாம் டேக்கில் யாரும் திரும்பவில்லை. மாமி போட்ட கூச்சல் கரைவரை கேட்டது. "ஐயோ என்ர பிள்ளையள், என்ர பிள்ளையள்" என்று நெஞ்சில் அறைந்துகொண்டு வந்தார். மேக்கப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் கைகூடி வந்த நேரத்தில் ஹமீது சுல்தானின் வள்ளம் ஓரமாக மூக்கை நீட்டிவிட்டது. கட். கட் என்ற சத்தம் கேட்கும்வரை பெரிய படகுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும், தலைகூடத் தெரியக் கூடாது என்று அவருக்கு உத்தரவு போனது.

மானிட்டரில் திரும்பப் பார்த்த டைரக்டருக்கு இன்னொன்றும் உறுத்தியது. "பையெல்லாம் மிதக்குது. வெயிட் தெரியல."

எப்படித் தெரியும்? பைக்குள் இருந்தது தெர்மாகோல். ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் உடனே தெர்மாகோலைக் கொட்டிவிட்டு ஈர மணலை அள்ளித் திணித்தார்கள். மாமியின் பை தோளுக்குக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சுப் போட்டது. மணல் ஏறியதும் மாமி ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"பிள்ளை, இது கனமாக் கிடக்கு. முடிச்சைக் கழட்டிக் கையில பிடிக்கட்டோ?"

தக்ஷாயினி பையைத் தூக்கிப் பார்த்தாள். கனம்தான். மேலே வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அந்தக் கடைசி வெளிச்சத்துக்கு இவர்கள் மேஜிக் என்று பெயர் வைத்திருந்தார்கள், அது கொஞ்ச நேரம்தான் நிற்கும். வினோத்குமார் "ரெடியா, ரெடியா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் மாமி. முந்தியும் கட்டித்தானே இருந்தது. கன்டினியூட்டி."

"ஓமோம், கன்டினியூட்டி" என்று மாமி தலையாட்டினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மற்றவர்களோடு படகு ஏறினார்.

மூன்றாம் டேக். "சைலன்ஸ்." "ரோலிங்." "ஆக்‌ஷன்."

கூட்டம் குதித்தது. ஹீரோயின் மண்ணில் தவழ்ந்தாள். எல்லாருடைய கண்ணும் மானிட்டரில் இருந்தது. தக்ஷாயினிக்கு மானிட்டர் தெரிகிற இடத்தில் நிற்க அனுமதி இல்லை, அதனால் அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஒன்று குறைந்தது. என்ன குறைகிறது என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. அலைச் சத்தம் இருந்தது, கூட்டத்தின் ஓலம் இருந்தது. மாமியின் குரல் இல்லை.

தேடினாள். படகுக்கு இடப்பக்கம், கூட்டத்திலிருந்து பிந்தி, மாமி நின்றார். நிற்கவில்லை. வாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. இரண்டு கையும் தண்ணீரை ஏணிப்படி போல அமுக்கிக்கொண்டிருந்தன. தலை தாழ்ந்தது, வந்தது, தாழ்ந்தது. சத்தமே இல்லை.

நடிக்கிறாரா? இரண்டு டேக்கில் கத்தியவர் இப்போது வேறு மாதிரி செய்து பார்க்கிறாரா? செய்யக் கூடியவர்தான். அப்படி நினைக்க அவளுக்கு ஆசையாக இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அது நடிப்பாக இருந்தால் எல்லாம் சரி, பெயரும் சரி. தலை மறுபடி தாழ்ந்தது, இந்த முறை வர நேரமாயிற்று.

"ஹோல்ட்... ஹோல்ட்..." என்று டைரக்டர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் வினோத்குமாரின் கையைப் பிடித்தாள். "அண்ணா, மாமி தாழுறா."

"ஷ்ஷ்."

"உண்மையாத் தாழுறா அண்ணா!"

அவர் மானிட்டரைத்தான் பார்த்தார். அங்கே ஹீரோயினின் முகம் ஒவ்வொரு மணல் துகளோடும் துல்லியமாக இருந்தது. அதற்குப் பின்னால் கூட்டம் வெறும் புகைபோல அசைந்தது. "பேக்ரவுண்ட் நல்லாத்தான போயிட்டிருக்கு" என்று வாய்க்குள் சொன்னார்.

ஓடிப்போய்ப் பிடிக்கலாமென்றால் தூரம். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். மாமிக்கு மிகப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவன் ஜீவிதன். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் மெகாபோனை வாயில் வைத்தாள். "ஜீவிதன்! மாமியைப் பிடி! ஜீவிதன்!"

அவனுக்குக் கேட்டது. தோள் ஒரு தடவை துடித்ததை அவள் கண்ணால் பார்த்தாள். ஆனால் திரும்பவில்லை. ஒருவரும் திரும்பவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள் என்று சொன்னவள் அவள்தானே. மற்றவர்கள் எல்லாரும் அழுதபடி, அரற்றியபடி, கொஞ்சமும் பிசகாமல் கரையைப் பார்த்து நடந்து வந்தார்கள். படகுக்குப் பின்னால் ஹமீது சுல்தான் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தன் கையாலேயே எல்லாக் கதவையும் பூட்டிவிட்டாள். சாவி இன்னொருவர் வாயில் இருந்தது.

அப்பாவின் முகம் வந்தது, கம்மிய அந்தக் குரல் வந்தது. பெயர் போகட்டும்.

"கட்!" என்று மெகாபோனில் அலறினாள். "கட்! கட்! கட்!"

அந்தக் கணமே எல்லாம் மாறியது. நாற்பது பேரும் நின்றார்கள். ஜீவிதன் சடாரென்று திரும்பினான். மாமி இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருப்பதைப் பார்த்துப் பாய்ந்தான். பாய்ந்தவன் காலுக்குக் கீழே மண் இல்லாமல் அவனும் கழுத்தளவு இறங்கினான். படகுக்குப் பின்னாலிருந்து எஞ்சின் உறுமியது. "யா அல்லாஹ்" என்று கத்திக்கொண்டே ஹமீது சுல்தான் வள்ளத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். ஜீவிதன் கையில் மாமியின் கொண்டை மாட்டியது. இழுத்தால் வரவில்லை, பை கீழே இழுத்தது. ஹமீது சுல்தான் வலை அறுக்கிற கத்தியால் பையின் வாரை அறுத்துவிட்டார். பை போனது, மாமி வந்தார்.

கரையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். தண்ணீர் வந்தது, இன்னும் வந்தது. மாமி இருமிய சத்தம் கேட்டபோது தக்ஷாயினி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

டைரக்டர் வந்தார். "கட் சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

அவர் அவளைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. முகம் வெளுத்துப் போயிருந்தது. மாமியின் பக்கத்தில் குந்தி, "மன்னிச்சிருங்கம்மா" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். ஹீரோயின் தன் துண்டைக் கொண்டுவந்து மாமியின் மேல் போர்த்தினாள். பிறகு டைரக்டர் எழுந்து மேற்கே பார்த்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது.

வினோத்குமார் அவளைத் தனியே கூப்பிட்டார். "சார் கோபமா இல்ல. நீ செஞ்சது சரிதான். ஆனா பாரு, ஹீரோயின் டேட் இன்னையோட முடியுது. போட் பர்மிஷன் இன்னையோட முடியுது. மணல் வேண்டாம், பையே வேண்டாம். அந்தம்மாவை விட்டுரு, மத்தவங்களை ஃபர்ஸ்ட் பொசிஷன் அனுப்பு. ஒரே டேக். உன் பேர் பத்திரமா இருக்கு, நான் பாத்துக்கிறேன்."

அவள் கடலைப் பார்த்தாள். ஹமீது சுல்தான் வள்ளத்தில் நின்றபடியே தலையை இடவலமாக ஆட்டினார். பள்ளம் அங்கேயேதான் இருந்தது.

ஃபர்ஸ்ட் பொசிஷன் என்ற சொல் மாமியின் காதில் விழுந்துவிட்டது. துண்டை விலக்கிக் கையூன்றி எழுந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"முதல் இடத்துக்குப் போகோணுமோ பிள்ளை? நான் நிண்டிட்டன் எண்டா கன்டினியூட்டி பிழையாப் போகுமே."

சொல்லிவிட்டு, முடிச்சு இருந்த இடத்தை இடுப்பில் தடவித் தேடினார். பின்னால் நாற்பது பேரும் நனைந்த துணியோடு, அவள் வாயைப் பார்த்து நின்றார்கள். போ என்றால் போவார்கள். அவளுக்கு அந்தக் கீழ்ப்படிதலைப் பார்க்கப் பயமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. கோபம் தன் மேல்தான்.

மெகாபோனை எடுத்தாள். அந்தச் சொல்லும் அவளுடையது இல்லை. அதையும் ஒரு வாய்தான் சொல்லலாம்.

"பேக்கப்" என்றாள்.

முதலில் யாரும் அசையவில்லை. "பேக்கப். எல்லாரும் வேனில ஏறுங்கோ. ஜீவிதன், மாமியைத் தூக்கு."

நாற்பது பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார்கள். டைரக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றார். "என்ன காரியம் பண்ணிட்ட தக்ஷா" என்றார் வினோத்குமார். அவள் மெகாபோனை அவர் கையில் கொடுத்துவிட்டு வேனுக்குப் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அடுத்த படத்துக்கு வா என்ற அழைப்பும் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்பா கேட்டார், "அப்ப பேர்?"

"வராது அப்பா."

அவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கலக்கினார், வெகுநேரம் கலக்கினார். "மாமி இருக்கிறாதானே" என்றார்.

அடுத்த தைக்குப் படம் வந்தது. இராமநாதபுரத்தில் முகாம்காரர்கள் இரண்டு வரிசையை நிறைத்து உட்கார்ந்தார்கள். டைட்டில் ஓடியபோது விநாயகமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். வராது என்று தெரியும், நப்பாசை. அசிஸ்டென்ட் டைரக்டர்கள் என்று ஆறேழு பெயர்கள் வந்து போயின. அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். தக்ஷாயினி அவர் பக்கம் திரும்பவில்லை.

அந்தக் காட்சி இடைவேளைக்கு முன்னால் வந்தது. வெளிச்சத்தை இருட்டாக்கியிருந்தார்கள். ஹீரோயின் மண்ணில் தவழ்ந்தாள். மூன்றாம் டேக். வேறு டேக் கிடைக்காததால், அவளுடைய மெகாபோன் சத்தத்தை மட்டும் நீக்கிவிட்டு அதையே வைத்திருந்தார்கள். தக்ஷாயினிக்கு அது முதல் கணத்திலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் கூட்டத்தின் ஓலத்தில் அந்த ஒரு குரல் இல்லை.

தியேட்டரே ஹீரோயினின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் இடப்பக்க ஓரத்தைப் பார்த்தாள். அங்கே புகைபோல ஒன்று. தாழ்ந்தது, வந்தது. பக்கத்து நாற்காலியில் மாமி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார், மடியில் முறுக்குப் பொட்டலம் இருந்தது. ஆனாலும் தக்ஷாயினி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"பிள்ளை" என்று மாமி குனிந்து காதில் கேட்டார். "அந்த ஓரத்தில கலங்கலாத் தெரியிறது நானோ?"

"ஓம் மாமி. நீங்கதான்."

திரையில் அது மறுபடி தாழ்ந்தது. இந்த முறை வரவில்லை. இன்னும் வரவில்லை. மாமியின் விரல்கள் இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்து இறுக்கின. நகம் பதிந்தது. அவள் தொண்டைக்குள் அந்தச் சொல் ஏறி நின்றது.

"கட்" என்றார் மாமி, மெதுவாக.

அதே கணத்தில் காட்சி மாறியது.